நோவு இல்லாத நோய்: பந்தயக் குதிரையின் நுரையீரல் குருதிக்கசிவு எழுப்பும் அறவினா

தமிழில் ‘நோய்’ என்னும் சொல் இரண்டு பொருளைத் தாங்கி நிற்கிறது. உடலில் தோன்றும் பிணி ஒன்று. உணரப்படும் துன்பம் மற்றொன்று. நோதல் என்னும் வினையோடு உறவுடைய சொல்லாதலின், நோகின்ற ஓர் உயிர் இல்லாமல் நோய் இல்லை என்னும் கருத்து இச்சொல்லினுள்ளேயே பொதிந்துள்ளது எனலாம். அகப்பாடல்களின் தலைவி தன் காமத்தை நோய் என்பதும், திருக்குறளின் மருந்து அதிகாரம் வாதம் முதலிய மூன்றின் மிகுதி குறைவால் வருவதை நோய் என்பதும் ஒரு வேரின் இரு கிளைகளே. இவ்விரு பொருளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும் இடம் உண்டா? உடல் சிதைகிறது, குருதி கசிகிறது, ஆனால் நோவதற்கான குறி எதுவும் வெளியே தெரியவில்லை என்றால் அதனை நோய் என்பதா, வேறு பெயரால் சுட்டுவதா? சொல்லாராய்ச்சி போலத் தோன்றும் இவ்வினா, பந்தயக் குதிரையின் உடலை முன்வைத்துக் கேட்கப்படும்போது அறவியல் வினாவாகி விடுகிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பந்தயக் குதிரைகள் முழு வேகத்தில் ஓடும்போது அவற்றின் நுரையீரலுக்குள் குருதி கசிகிறது. கடும் உழைப்பால் நேரும் நுரையீரல் குருதிக்கசிவு எனக் கால்நடை மருத்துவர்கள் இதனைக் குறிப்பர். இக்குருதி மூக்கு வழியாக வெளிப்படுவது அரிது. பெரும்பாலான குதிரைகளில் அது மூச்சுக்குழாய்க்குள்ளேயே தங்கிச் சிறிது சிறிதாக அகன்றுவிடுகிறது. குதிரை வழக்கம்போல் தீவனம் உண்கிறது. சில நாள்களில் மீண்டும் பயிற்சிக்குச் செல்கிறது. வெற்றிக் கோட்டை முதலில் கடந்து, மாலை சூட்டப்பெற்று, உரிமையாளரோடு நின்று படம் எடுக்கப்பெறும் குதிரையும் அவ்வேளையில் உள்ளே குருதி கசிந்த குதிரையாக இருக்கக்கூடும்.

குருதி கசியும் இடம்

நெடுங்காலம் இக்குருதி மூக்கிலிருந்தே வருவதாகக் கருதப்பட்டது. வளையும் தன்மையுடைய எண்டோஸ்கோப் என்னும் உள்நோக்குக் கருவி கால்நடை மருத்துவத்திற்கு வந்த பிறகே நுரையீரலே இதன் மூலம் என்பது உறுதியாயிற்று. 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, பந்தயம் முடித்த 235 தரோபிரெட் குதிரைகளின் மூச்சுக்குழாயை இக்கருவியால் நோக்கி, ஏறத்தாழ 44 விழுக்காட்டுக் குதிரைகளில் குருதியைக் கண்டது. 2005ஆம் ஆண்டு வெளிவந்த மெல்போர்ன் ஆய்வு 744 குதிரைகளை நோக்கியது; அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றில், அதாவது 55 விழுக்காட்டில், குருதி காணப்பட்டது. ஒரே குதிரையை அடுத்தடுத்த மூன்று பந்தயங்களுக்குப் பின் நோக்கினால், ஒருமுறையேனும் குருதி காணப்படாத குதிரை அரிது. நுரையீரலை உவர்நீரால் கழுவி, அந்நீரை நுண்ணோக்கியில் ஆராயும் முறை இன்னும் நுட்பமானது. அம்முறையில் பார்த்தால், கடும் பயிற்சியில் உள்ள ஏறத்தாழ எல்லாக் குதிரைகளின் நுரையீரலிலும் பழைய குருதியின் எச்சம் இருக்கிறது. கசிந்த செவ்வணுக்களை விழுங்கிய காவல் அணுக்கள் அவற்றின் இரும்பைப் பழுப்பு நிறமியாகத் தம்முள் வாரக்கணக்கில் வைத்திருக்கின்றன.

இது நிகழும் முறையை 1993ஆம் ஆண்டு ஜான் வெஸ்ட் என்னும் உடலியலாரும் அவர்தம் குழுவினரும் விளக்கினர். நுரையீரலின் காற்றுச் சிற்றறைக்கும் அதனைச் சூழ்ந்த தந்துகிக் குழலுக்கும் இடையில் உள்ள சுவர் ஒரு மைக்ரான் அளவினும் மெல்லியது. உயிர்வளி குருதிக்குள் விரைந்து புக வேண்டுமாயின் அது மெல்லியதாகவே இருத்தல் வேண்டும். ஓய்வில் நிமிடத்திற்கு 30 முதல் 40 முறை துடிக்கும் குதிரையின் இதயம், முழுப்பாய்ச்சலில் 220 முறைக்கு மேல் துடிக்கிறது. மண்ணீரல் சுருங்கித் தன்னிடம் சேமித்து வைத்த செவ்வணுக்களைக் குருதியோட்டத்தில் கொட்டுகிறது. குருதியில் செவ்வணுக்களின் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காட்டிற்கு மேல் உயர்ந்து, குருதி அடர்கிறது. ஓய்வில் பாதரச அளவில் 25 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும் நுரையீரல் தமனியின் அழுத்தம், ஓட்டத்தின் உச்சத்தில் 100 மில்லிமீட்டர் வரையும் அதற்கு மேலும் செல்கிறது. இன்னொரு புறம், குதிரை வாயால் மூச்சு விடாது. மூக்கால் மட்டுமே விடும். பாய்ச்சலில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு மூச்சு எனக் கால்களின் கதியோடு மூச்சும் பிணைந்துவிடுகிறது. ஆகவே காற்றை இழுக்கும் விசையும் மிகப் பெரியதாகிறது. உள்ளிருந்து தள்ளும் குருதியழுத்தமும் வெளியிலிருந்து இழுக்கும் காற்றழுத்தமும் ஒருசேரத் தாக்க, இடையில் உள்ள மெல்லிய சுவர் கிழிகிறது. நுரையீரலின் மேற்புறப் பின்பகுதியில் இது மிகுதி. திரும்பத் திரும்ப நிகழும்போது அப்பகுதியின் சிரைச் சுவர்கள் தடித்து, திசு நாராகித் தழும்பேறுவதையும் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இங்கே ஒன்று கருதத்தக்கது. நச்சுயிரோ, தூசியோ, கெட்ட தீவனமோ இதன் முதற்காரணம் அன்று. குதிரையின் உடல் பழுதுபட்டதால் குருதி கசியவில்லை. அது முழுத்திறனுடன் இயங்கியதாலேயே கசிகிறது. ஆற்றல் மிக்க இதயமே நுரையீரலைக் கிழிக்கிறது.

மிகுதி என்பது இயல்பு ஆகுமா

ஏறத்தாழ எல்லாக் குதிரைகளிலும் நிகழ்வது என்றால், அதனை இயல்பு என்று ஏன் கொள்ளக்கூடாது? இவ்வாறு வாதிடுவோர் உளர். கடுமையாக உழைப்பவன் கையில் காய்ப்பு ஏறுவதுபோல, கடுமையாக ஓடும் குதிரையின் நுரையீரலில் சிறிது குருதி கசிகிறது. இதில் வருந்த என்ன இருக்கிறது என்பது அவர்தம் வாதம். குதிரை வலியைக் காட்டுவதில்லை என்பது இவ்வாதத்திற்குத் துணை நிற்கிறது.

இவ்வாதத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, பெரும்பான்மையை இயல்பு எனக் கொள்ளுதல். ஒரு சுரங்கத்தில் வேலை செய்வோர் அனைவர்க்கும் நுரையீரலில் தூசி படிந்திருந்தால், அது சுரங்கத் தொழிலாளரின் இயல்பு என்று நாம் கூறுவதில்லை. அச்சுரங்கத்தைப் பற்றிய செய்தி என்றே கொள்கிறோம். எல்லாக் குதிரைகளிலும் குருதி கசிகிறது என்னும் கண்டுபிடிப்பும் குதிரையைப் பற்றியதன்று, பந்தயத்தைப் பற்றியது. கையின் காய்ப்பு மேலும் உழைப்பதற்குக் காப்பாகிறது. நுரையீரலின் தழும்போ மூச்சுக்கு உதவாத திசு. இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது. 2015ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி வெளியிட்ட ஒருமித்த அறிக்கை இதனை நோய் என்றே கொள்ள வேண்டும் என வலுவாகப் பரிந்துரைத்தது.

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. துன்பத்தின் குறி இல்லையேல் துன்பம் இல்லை. துன்பம் இல்லையேல் தீங்கு இல்லை என்னும் தொடர் அது. விலங்குகள்பால் நமக்குள்ள கடமையைத் துன்பத்தின் மேல் நிறுவிய பெருமை ஜெரமி பெந்தத்தைச் சாரும். பகுத்தறிய இயலுமா, பேச இயலுமா என்பன அல்ல, துன்புற இயலுமா என்பதே கேள்வி என்னும் அவர் கருத்து, 1789இல் வெளிவந்த நூலின் ஓர் அடிக்குறிப்பில் இடம்பெற்றது. அடிக்குறிப்பாக வந்தது பின்னர் ஓர் இயக்கத்தின் அடித்தளமாயிற்று. எனினும் அவ்வடித்தளத்தில் ஒரு வெடிப்பு உண்டு. துன்பத்தை நாம் அறிவது குறிகளால். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறுவதும் இதனோடு ஒட்டியதே: உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் புலப்படுதலால் காண்போர் அதனை உணர்கின்றனர். நாடகத்திற்கும் செய்யுளுக்கும் இது போதும். அறவாழ்வுக்கு இது போதாது. வேட்டையாடப்படும் இனத்தில் தோன்றிய விலங்கு தன் நலிவை மறைப்பது அதன் உயிர்ப்பாதுகாப்பு. நொண்டும் குதிரையையே ஓநாய் முதலில் தேர்ந்தெடுக்கும். மெய்ப்பாட்டை மறைக்கப் பழகிய உடலிடம் மெய்ப்பாட்டைத் தேடி, அது காணப்படாமையால் தீங்கு இல்லை என்று முடிவு செய்வது, சாட்சி வாய்பேசாதவன் என்பதால் வழக்கைத் தள்ளுபடி செய்வதற்கு ஒப்பாகும்.

வள்ளுவர் இன்னா செய்யாமையில் அறிவின் பயனை விளக்கும் இடத்தில், பிறர் என்றோ பிறன் என்றோ கூறாமல் ‘பிறிது’ என அஃறிணைச் சொல்லை ஆள்வது நோக்கத்தக்கது. அவர் அங்கே கேட்பது இரக்க உணர்ச்சியை மட்டும் அன்று. அறிவு என்பதே பிற உயிரின் நோயைத் தன்னுடையதாகக் கருதிக் காக்கும் செயலில் முடிய வேண்டும் என்கிறார். குறி தோன்றும்வரை காத்திருப்பது அறிவின் வேலை அன்று. குறி இல்லாத இடத்திலும் தேடிச் செல்வதே அதன் வேலை என்று அக்குறளுக்குப் பொருள் கொள்ள இடமுண்டு. எண்டோஸ்கோப் வந்த பின்னர், குதிரை காட்டவில்லை என்னும் விடை செல்லாது. நாம் பார்த்துவிட்டோம்.

மருந்து யாருக்கு

பார்த்த பின் என்ன செய்தோம் என்பது அடுத்த வினா. அமெரிக்காவில் 1970கள் தொடங்கி மாநிலந்தோறும் பரவிய விடை ஒரு மருந்து. ஃபுரோசிமைடு என்பது அதன் பெயர். லாசிக்ஸ் என்னும் வணிகப் பெயரால் மக்கள் அறிந்தது. மனிதரில் இதய நோயாளர்க்கும் குருதியழுத்தம் உடையோர்க்கும் தரப்படும் சிறுநீர்ப்பெருக்கி அது. பந்தயத்திற்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் முன்பு குதிரையின் சிரையில் செலுத்துவர். உடலின் நீர் பெருமளவு சிறுநீராக வெளியேறி, குருதியின் கனஅளவு குறைந்து, நுரையீரல் அழுத்தமும் ஓரளவு தாழ்கிறது. 1995இல் நியூயார்க்கும் இசைந்தபின், அந்நாட்டில் இதனை மறுத்த மாநிலம் இல்லாதாயிற்று. பிற்காலத்தில் அங்கு ஓடிய குதிரைகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை இம்மருந்துடனேயே ஓடின.

மருந்து வேலை செய்கிறதா என்னும் ஐயம் நெடுநாள் இருந்தது. 2009ஆம் ஆண்டு வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வு அதனைத் தீர்த்தது. 167 குதிரைகள், ஒருமுறை மருந்துடனும் மறுமுறை வெறும் உவர்நீருடனும் ஓடவிடப்பட்டன. மருந்தின்றி ஓடியபோது குருதி கசிவதற்கான வாய்ப்பு மூன்று நான்கு மடங்காகவும், மிகுதியாகக் கசிவதற்கான வாய்ப்பு ஏழு முதல் பதினொரு மடங்காகவும் இருந்தது. ஆகவே மருந்து பயனற்றது என்று இனி வாதிட இயலாது.

இதன் பின் எழுந்த விவாதம் இரு கட்சிகளாகப் பிரிந்தது. குருதி கசியும் என அறிந்தே ஒரு குதிரைக்கு மருந்தை மறுப்பது கொடுமை என்பது ஒரு கட்சி. மருந்தூட்டி ஓடவிடுவது விளையாட்டின் தூய்மையைக் கெடுக்கிறது. நீர் இழந்த குதிரை எடை குறைந்து விரைந்தோடும். நீர்த்த சிறுநீரில் பிற மருந்துகளைக் கண்டறிவதும் கடினமாகும் என்பது எதிர்க்கட்சி. பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய நாடுகள் பந்தய நாளில் இம்மருந்தை ஒப்பவில்லை. அமெரிக்காவிலும் 2021 முதல் கென்டக்கி டெர்பி இம்மருந்தின்றி ஓடப்பட்டது. 2020 டிசம்பரில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின் வழி, 2023 மே மாதம் இரண்டு வயதுக் குதிரைகளின் பந்தயங்களிலும் உயர்தரப் பந்தயங்களிலும் பந்தய நாள் மருந்துக்குத் தடை வந்தது. மற்றவற்றுக்கு மூன்றாண்டுக் கால விலக்குத் தரப்பட்டு, அதற்குள் ஆய்வு நடத்தப் பணிக்கப்பட்டது.

இரு கட்சியும் தத்தம் அளவில் நேர்மையானவை. ஆயினும் இரண்டும் கேட்காத ஒன்று உண்டு. மருந்தை மறுப்பது கொடுமை என்பார், குதிரை ஓடித்தான் ஆக வேண்டும் என்பதை முடிந்த முடிபாகக் கொண்டே அவ்வாறு கூறுகின்றனர். மருந்து தூய்மையைக் கெடுக்கிறது என்பாரும் காக்க விரும்புவது பந்தயத்தின் நேர்மையை. குதிரையின் நுரையீரலை அன்று. மருந்தில்லாப் பந்தயத்தில் குருதி மிகுதியாகக் கசியும் என்பதைத் தென்னாப்பிரிக்க ஆய்வு காட்டிய பின்னும், தடை செய்வதைக் குதிரை நலம் என்னும் பெயரால் போற்றுவது சற்று வியப்பளிக்கிறது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் இதே மருந்தைப் பயிற்சி நாள்களில் ஒப்புகின்றன என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பயிற்சியில் மருத்துவமாக இருப்பது பந்தயத்தில் மோசடியாகிறது என்றால், அளவுகோல் குதிரையின் உடலில் இல்லை என்பது தெளிவு.

மருத்துவம் என்பதன் இலக்கணத்தை இவ்விடத்தில் நோக்குதல் தகும். திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வாயிலையும் வரிசையாக ஆராயச் சொல்கிறது. இவ்வரிசையில் நடுவில் நிற்பதே இன்றியமையாதது. குதிரையின் குருதிக்கசிவில் முதல் எது என்பதில் ஐயமே இல்லை: ஓட்டத்தின் கடுமை. அம்முதலை அப்படியே வைத்துக்கொண்டு, அதனைத் தாங்குமாறு நோயுற்ற உடலைத் திருத்துவது தணிப்பாகலாம், மருத்துவம் ஆகாது. அதே அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக வகுக்கிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். இந்நான்கில் நோயுற்றவனின் உரிமையாளனுக்கு இடம் இல்லை. பந்தயக் குதிரையின் மருத்துவத்திலோ ஐந்தாவதாக நிற்கும் அவனே மருத்துவனை அழைக்கிறான், ஊதியம் தருகிறான், எந்த நாளில் மருந்து செலுத்த வேண்டும் என்பதை ஓட்டப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறான். நான்காகக் கூறப்பட்ட அமைப்பு ஐந்தாகும்போது, மருந்து யாருக்காக என்னும் கேள்வி எழுந்தே தீரும்.

மனித விளையாட்டு வீரரும் வலிநீக்கி ஊசி போட்டுக்கொண்டு ஆடுவதில்லையா என்று கேட்கலாம். ஆடுகின்றனர். அது நன்று என்று இக்கட்டுரை கூறவில்லை. எனினும் அவர் தம் மூட்டைத் தம் புகழுக்காகப் பணயம் வைக்கிறார். வைக்காமல் விலகவும் அவரால் இயலும். குதிரைக்குப் புகழும் இல்லை, விலகும் வழியும் இல்லை. சில குதிரைகள் விரும்பி ஓடுகின்றன என்பர். இருக்கலாம், மந்தையில் முந்தி ஓடும் விருப்பம் குதிரைக்கு உண்டு. ஆனால் எந்த நாளில், எத்தனை மீட்டர், எவ்வளவு எடை சுமந்து, சாட்டைக்கு எத்தனை அடி என்பவற்றை அது விரும்பியதாக எவரும் கூறத் துணியார்.

சமண அறநூல்கள் இல்லறத்தானின் கொல்லாமை விரதத்திற்கு ஐந்து மீறல்களை வகுத்துரைக்கின்றன. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிறந்த பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. தத்துவார்த்த சூத்திரத்தில் இடம்பெறும் இப்பட்டியலைத் தமிழில் அருங்கலச்செப்பும் எடுத்துரைக்கிறது. கொல்லாமையின் கீழ்க் கொலையல்லாதவற்றை வைத்த இந்நுட்பம் போற்றத்தக்கது. மேலும், இப்பட்டியல் விலங்கின் துன்பக் குறியைக் கேட்கவில்லை. ஆள்பவனின் செயலையே கேட்கிறது. கத்தியதா, கண்ணீர் விட்டதா என்பது அங்கு வினா அன்று. ஏற்றிய பாரம் அளவிறந்ததா என்பதே வினா. நான்காவது மீறலும் ஐந்தாவது மீறலும் நம் பொருளுக்கு நேரே வந்து சேர்கின்றன. குதிரையின் இதயமும் நுரையீரலும் சுமப்பது முதுகில் உள்ள ஜாக்கியின் எடையை மட்டும் அன்று. சுவர் கிழியும் அழுத்தத்தையும் அவை சுமக்கின்றன. சிறுநீர்ப்பெருக்கியோ, குடித்த நீரை வலிந்து வெளியேற்றும் செயல். அம்மருந்து இல்லையேல் பயிற்சியாளர்கள் பந்தயத்திற்கு முதல்நாளே தண்ணீரையும் தீவனத்தையும் நிறுத்தும் பழைய வழிக்குத் திரும்புவர் என்று மருந்தின் ஆதரவாளர்களே வாதிடுகின்றனர். ஐந்தாவது மீறலுக்கு மாற்றாக ஐந்தாவது மீறலையே முன்வைக்கும் இவ்வாதத்தின் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஓடப் பிறந்த உடல்

இவ்விடத்தில் எழும் வலிமையான மறுப்பு, குதிரை ஓடுவதற்கென்றே பிறந்தது என்பது. இந்திய உச்ச நீதிமன்றமும் இதனை ஒருவகையில் ஏற்றது. சல்லிக்கட்டு தொடர்பான 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பிளவுபட்ட குளம்புடைய காளையின் உடலமைப்பு ஓட்டத்திற்கு உரியதன்று என்பதை விளக்க, ஒற்றைக் குளம்புடைய குதிரையோடு அது ஒப்பிடப்பட்டது. காளைக்காக எடுத்துக்காட்டப்பட்ட குதிரையின் உடல் அங்கு ஆராயப்படவில்லை. அதற்கு அவ்வழக்கில் தேவையும் இல்லை. சல்லிக்கட்டு பற்றிய சட்ட நிலை 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பால் மாறிய பின்னும், காளை ஓடாது, குதிரை ஓடும் என்னும் பாகுபாடு பொதுமக்கள் பேச்சில் நிலைத்துவிட்டது.

ஓடப் பிறந்தது என்பதில் ‘பிறந்தது’ என்னும் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். தரோபிரெட் என்பது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் மனிதர் தேர்ந்து இணைத்து உருவாக்கிய இனம். அவ்வினத்தின் வரலாற்றில் பார்ட்லெட்ஸ் சைல்டர்ஸ் என்றொரு குதிரை உண்டு. 1716இல் பிறந்த அக்குதிரை, அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ஃபிளையிங் சைல்டர்ஸின் உடன்பிறப்பு. கடுமையாக ஓட்டினால் குருதி வடிந்ததால் அது பந்தயம் ஓடவே இல்லை. குருதி வடியும் சைல்டர்ஸ் என்றே அதற்கு மறுபெயர் வழங்கிற்று. ஓடாத குதிரையை இனப்பெருக்கத்திற்கு விட்டனர். அதன் மகன் ஸ்குவிர்ட். ஸ்குவிர்ட்டின் மகன் மார்ஸ்கே. மார்ஸ்கேயின் மகன் எக்லிப்ஸ். 1764இல் பிறந்து தோல்வியே காணாத எக்லிப்ஸின் ஆண்வழியில் வந்தவையே இன்று உலகெங்கும் உள்ள தரோபிரெட் ஆண்குதிரைகளுள் மிகப் பெரும்பாலானவை. இக்குருதிப்போக்கில் மரபின் பங்கும் உண்டு என்பதைத் தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு மூதாதையின் மீது பழி முழுவதையும் சுமத்துவது அறிவியலாகாது. முந்நூறு ஆண்டுகளாக விரைவை மட்டுமே தேர்ந்து வந்ததில், இதயத்தின் ஆற்றல் வளர்ந்த அளவுக்கு நுரையீரல் சுவரின் வலிமை வளரவில்லை என்பதே உண்மை. சுவர் தடித்தால் உயிர்வளி புகாது, ஓட்டம் தளரும். ஆகவே இக்குறை இனப்பெருக்கத்தால் எளிதில் நீக்கக்கூடியதும் அன்று.

இயல்பு என்று நாம் சுட்டுவது, இவ்வாறு நம்மால் ஆக்கப்பட்டது. தாமே ஆக்கிய ஒன்றின் தேவையைக் காட்டித் தம் செயலுக்கு நியாயம் தேடுவது வட்டவாதம். குதிரை ஓடப் பிறந்தது என்பது உண்மையே. இந்த அளவு ஓடப் பிறப்பிக்கப்பட்டது என்பதே முழு உண்மை.

சட்டத்தின் கண்

1960ஆம் ஆண்டு இந்திய விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், அளவுக்கு மீறி ஓட்டுதலை அடித்தலோடும் மிகைப்பாரம் ஏற்றுதலோடும் ஒருங்கு வைத்துக் குற்றமாகக் கூறுகிறது. சமணப் பட்டியலின் எதிரொலி போன்றே இது கேட்கிறது. ஆனால் இச்சட்டம் தேவையற்ற வலியையும் துன்பத்தையும் உண்டாக்குதல் என்னும் அடையைச் சேர்க்கிறது. அவ்வடையில் இரண்டு வாயில்கள் திறந்துகொள்கின்றன. வலி இல்லையெனக் கூறி ஒன்றின் வழியே வெளியேறலாம். தேவையெனக் கூறி மற்றொன்றின் வழியே வெளியேறலாம். குதிரைப்பந்தயம் சூதாட்டம் அன்று, திறன் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு சென்னைக் குதிரைப்பந்தய வழக்கில் தீர்ப்பளித்தது. அங்கு ஆராயப்பட்டது பந்தயம் கட்டுவோர் அறிவும், ஜாக்கியின் திறனும், குதிரையின் ஆற்றலும். வழக்கின் பொருள் அதுவாகையால் நீதிமன்றத்தைக் குறை கூற இயலாது. ஆனால் திறன் ஆட்டம் என்று ஒப்பப்பட்டபின், அத்திறனுக்குக் குதிரை தரும் விலை எது என்பதும் கேட்கத்தக்கதாகிறது.

ஆஸ்திரேலியப் பந்தய விதியொன்று இப்பொருளில் நம் மனப்போக்கைத் தெளிவாகக் காட்டுகிறது. இரு மூக்குத் துளைகளிலும் குருதி வடிந்தால் அக்குதிரைக்கு மூன்று மாதம் பந்தயத் தடை. இரண்டாம் முறை வடிந்தால் வாழ்நாள் தடை. கடுமையான, நல்ல விதிதான். ஆயினும், மூச்சுக்குழாய் முழுவதும் குருதி நிரம்பியிருந்தும் மூக்குக்கு வந்து சேராத குதிரை இவ்விதியில் அகப்படுவதில்லை. விதி எண்ணுவது கசிந்த குருதியை அன்று. மேடையில் அமர்ந்தவர் கண்ணுக்குப் புலனாகிய குருதியை.

சங்கப் பாடல்களில் குதிரை பூட்டிய தேர் பலவிடத்தும் வருகிறது. குறுங்குடி மருதனார் பாடிய அகநானூற்று நான்காம் பாடலில், பூவில் துணையோடு இருக்கும் வண்டுகள் அஞ்சாதிருக்கத் தலைவன் தேர்மணியின் நாவைக் கட்டி வருகிறான். தமிழர் அருளுணர்வுக்குச் சான்றாக இப்பாடலைக் காட்டாத கட்டுரையாளர் குறைவு, காட்டுவதும் முறையே. அதே தேரை இழுத்துவரும் குதிரைகளின் மூச்சு எந்நிலையில் இருந்தது என்று கேட்பது அப்பாடலுக்கு நியாயம் ஆகாது. விரைந்து தேர் செலுத்து எனப் பாகனை ஏவும் முல்லைத் தலைவனுக்கு எண்டோஸ்கோப் இல்லை. அவன் கண்ணுக்கு எட்டிய உயிர்வரை அவன் அருள் சென்றது. நம் கண் அதனினும் தொலைவு செல்கிறது.

ஆதலின் செய்யத்தக்கது என்ன என்னும் கேள்விக்கு, பந்தயத்தை இன்றே ஒழிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு விடையே இல்லை என்று கூறும் நிலையில் இக்கட்டுரையாளர் இல்லை. இலாயத்தில் குதிரையோடு உறங்கி எழும் ஆயிரக்கணக்கான குதிரைக்காரர்களின் பிழைப்பும் அதில் அடங்கியுள்ளது. ஆனால் ஓட்டத்திற்குப் பின் ஒவ்வொரு குதிரையின் மூச்சுக்குழாயையும் நோக்குவதற்குக் கருவி இருக்கிறது. சுழியம் முதல் நான்கு வரை மதிப்பிடும் அளவும் வகுக்கப்பட்டுள்ளது. மெல்போர்ன் ஆய்வில், குருதி இல்லாத அல்லது மிகச் சிறிதளவே கண்ட குதிரைகள் வெல்வதற்கான வாய்ப்பு மற்றவற்றைவிட நான்கு மடங்காக இருந்ததால், உரிமையாளர்க்கும் இது தெரிய வேண்டிய செய்தியே. ஓடிய நேரத்தையும் சுமந்த எடையையும் அச்சிடும் பந்தயக் கையேடுகள் இம்மதிப்பையும் அச்சிடலாம். மூன்றும் நான்கும் பெற்ற குதிரை மூக்கில் குருதி காட்டாவிடினும், காட்டியதாகவே கொண்டு ஓய்வு தரப்பட வேண்டும். அவ்வோய்வு எத்தனை நாள் என்பதையும், மீண்டும் ஓடலாமா என்பதையும் முடிவு செய்யும் மருத்துவர், குதிரையின் உரிமையாளரிடமோ பந்தயக் கழகத்திடமோ ஊதியம் பெறாதவராக இருத்தல் வேண்டும்.